சிலை நடக்காது

கூரையிலிருந்து மவுஸ்கள் தொங்கின. கம்ப்யூட்டர் மவுஸ்கள்தாம், ஆயிரத்து இருநூறு. ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி, ஒரு காலத்தில் மிளகாய் வற்றல் மூட்டை அடுக்கியிருந்த கிடங்கு அது. இன்னும் உள்ளே நுழைந்தால் மூக்கு லேசாகக் காந்தியது. ஒவ்வொரு மவுஸும் தன் வயரிலேயே, ஆள் தலைக்குச் சற்று மேலே ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண் எழுதியிருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து ரயிலேறி வந்திருந்த பதினோரு பெண்களும் அண்ணாந்து பார்த்தபடி அலைந்தார்கள். பரீட்சை முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் நம்பர் தேடுகிறவர்களைப் போல ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

“கெடச்சிட்டு! எனக்குக் கெடச்சிட்டு!” என்று முத்துப்பேச்சி போட்ட கூச்சலில் கிடங்கே எதிரொலித்தது. “நானூத்திப் பன்னெண்டு! ஏட்டி, இங்க பாருங்களேன், என் மவுசு மட்டும் எம்புட்டு அழுக்கா தொங்குது!”

“உன் கையி அப்படித்தானட்டி. முறுக்கத் தின்னுக்கிட்டேதான கிளிக் பண்ணுவ,” என்றாள் ராஜகனி. எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வக்கனியும் சிரித்தாள். ஆனால் தேடவில்லை. தன் எண் நானூற்று ஏழு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷம் தினமும் காலையில் அந்த எண்ணைத் தட்டித்தான் வேலையைத் தொடங்கினாள். அவள் தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உறைக்குள் ஒரு படம் இருந்தது. அந்தப் படத்துக்காகத்தான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

ஊரில் அந்த வேலைக்கு ‘படம் குறிக்கிற ஆபீஸ்’ என்று பெயர். ஜவுளிக்கடை மாடியில் நாற்பது கம்ப்யூட்டர்கள். திரையில் ஒரு படம் வரும். ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு சாலை. அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் போட வேண்டும். பிறகு பக்கத்திலிருக்கும் பட்டியலில் அதன் பெயரை அமுக்க வேண்டும். மனிதர், விலங்கு, வண்டி, கம்பம், சிலை, செங்கல் என்று அது நீளும். ஒரு படத்துக்குப் பன்னிரண்டு வினாடி. முடித்ததும் அடுத்தது. எந்தப் படம் எதற்கு, யாருக்குப் போகிறது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாதென்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்லவில்லை.

“எல்லாருக்கும் கிடைச்சிடுச்சா உங்க உங்க நம்பர்?” என்றபடி பர்வீன் வந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். என்ஜினீயர் வேலையை விட்டுவிட்டுக் கலைக்கு வந்தவள். இந்த மவுஸ் காடு அவள் செய்தது. கண்காட்சி நாளைக்குத்தான் திறப்பு. அதற்கு முன்னால் இவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் செலவு செய்து வரவழைத்திருந்தாள்.

“மேடம், இதெல்லாம் எதுக்கு மேடம் கட்டித் தொங்க விட்டுருக்கீங்க?” என்றாள் முத்துப்பேச்சி.

“மேடமெல்லாம் வேணாங்கா. பர்வீன்னே கூப்பிடுங்க. இங்க வாங்க, இந்தக் கேமரா முன்னாடி நில்லுங்க.”

முத்துப்பேச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக நின்றாள். எதிரே பெரிய திரையில் அவள் தெரிந்தாள். அவளைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழுந்தது. கட்டத்தின் மேல் ஒரு சொல்: மனிதர்.

அடுத்த கணம் தலைக்கு மேலே சத்தம் எழுந்தது. டிக், டிக், டிக்டிக்டிக். கிடங்கு முழுக்க மவுஸ்களின் பொத்தான்கள் தாமாக அமுங்கி எழுந்தன. ஓட்டுக்கூரையில் பெருமழை இறங்கியது போலிருந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“இந்த மெஷின் உங்கள மனுஷின்னு எப்படிக்கா சொல்லுது?” பர்வீனின் கண்கள் மின்னின. விளக்குவதென்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். “ஜனங்க என்ன நினைக்கிறாங்க? கம்ப்யூட்டர் தானா யோசிச்சுக் கண்டுபிடிக்குதுன்னு. இல்லவே இல்ல. உங்கள மாதிரி யாரோ உக்காந்து, இது மனுஷன், இது மாடு, இது கம்பம்னு லட்சக்கணக்கான தடவ சொல்லிக் குடுத்திருக்காங்க. இப்ப அடிச்ச ஒவ்வொரு டிக்கும் ஒரு ஆளு. உங்கள மனுஷின்னு சொல்ல மெஷினுக்கு உதவி செஞ்ச கை.”

“அது எப்படித் தெரியும், எந்தக் கைன்னு?” இதைக் கேட்டவள் செல்வக்கனி.

“நல்ல கேள்விக்கா. ரொம்ப நாளா முடியாதுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. பால்ல தண்ணி கலந்தப்புறம் எது எந்தக் குடத்துத் தண்ணின்னு எப்படிப் பிரிப்பீங்க, அது மாதிரின்னு. இப்ப ஒரு வழி வந்திருக்கு. மெஷின் ஒரு பதில் சொல்லுதா? அது படிச்ச படங்கள்ல ஒண்ண மட்டும் இல்லன்னு வெச்சுக்கிட்டு, பதில் எவ்வளவு ஆடுதுன்னு பாக்கணும். ஆடலையா, அந்தப் படத்துக்கும் இந்தப் பதிலுக்கும் சம்பந்தமில்ல. ஆடுதா, அந்தப் படம்தான் தாங்கிப் பிடிச்சிருக்கு. பந்தல்ல ஒவ்வொரு காலா அசைச்சுப் பாக்கிற மாதிரி. அந்தப் படத்தக் குறிச்சது யாருன்னு உங்க கம்பெனி டிஸ்க்ல நம்பரோட இருக்கு. கம்பெனிய மூடினப்ப எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டாங்க. நான் பழைய சாமான் கடையில வாங்கினேன்.”

“எங்கள எடைக்குப் போட்டுட்டான்னு சொல்லுங்க,” என்றாள் ராஜகனி.

அதன் பிறகு விளையாட்டுத்தான். ஒருத்தி குடையைக் காட்டினாள், ஒருத்தி செருப்பைக் காட்டினாள். ராஜகனி பர்வீனுக்காக வாங்கி வந்திருந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்ட, திரை கொஞ்சம் யோசித்துவிட்டு ‘செங்கல்’ என்றது. நாலைந்து மவுஸ்கள் டிக்கென்றன.

“எவட்டி அல்வாவச் செங்கல்னு குறிச்சவ? கைய நீட்டு!” என்று முத்துப்பேச்சி விரட்ட, கிடங்கு குலுங்கியது. பர்வீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே முற்றத்தில் டீயும் சுண்டலும் வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். பேச்சும் சிரிப்புமாக எல்லோரும் வெளியேறினார்கள்.

செல்வக்கனி மட்டும் நின்றாள்.

“டீ குடிக்கலையாக்கா?”

“படத்தக் காட்டுனாலும் சொல்லுமா?”

“சொல்லுமே. எதைக் காட்டினாலும் சொல்லும்.”

“ஆளில்லாம ஓடுதே உப்பு லாரி, தூத்துக்குடிப் பக்கம். அதுக்குள்ள இருக்கதும் இந்த மெஷின்தானா?”

பர்வீன் கிட்டே வந்தாள். “மெஷின் வேறக்கா. ஆனா ரெண்டும் படிச்சது ஒரே பாடம். உங்க ஆபீஸ்ல குறிச்ச படங்களத்தான் அவங்களும் வாங்கியிருக்காங்க. ஏன் கேக்கறீங்க?”

செல்வக்கனி பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே இருந்த படத்தை வெளியே எடுக்காமல், மேலே மடித்து வைத்திருந்த காகிதத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தாள். விசாரணை அறிக்கை. பர்வீன் வாய்க்குள் படித்தாள்: ‘வாகனம் விதிமுறைப்படியே இயங்கியது. சாலையோரத்தில் நின்றிருந்த பொருள் எதிர்பாராத விதமாக அசைந்ததே விபத்துக்குக் காரணம்.’

“அந்தப் பொருள் எங்க வீட்டுக்காரவ,” என்றாள் செல்வக்கனி. “கோமதிநாயகம்னு பேரு. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பாத்தாவ.”

அவள் மெதுவாகச் சொன்னாள். வேலையில் சேர்ந்த ஐந்தாம் வருஷம் அவளுக்குக் கண் கெட்டது. நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிந்தது. ராத்திரி பகலாகத் தண்ணீர் வடிந்தது. திருநெல்வேலி டாக்டர், இனித் திரையைப் பார்த்தால் உள்ளதும் போகும் என்றார். கோமதிநாயகம் வீட்டுக்கு வந்து, குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டான். இவள் கண்ணைக் காப்பாற்றிக் கொடு, மூன்று வருஷம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறேன் என்று. மாலை போட்டு, விரதமிருந்து, சடைமுடியும் கிரீடமும் நாக்கும் அட்டைக் கைகளுமாகக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் காணிக்கை எடுத்து, குலசைக்கு நடக்க வேண்டும். வேஷம் ஏறிவிட்டால் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அம்மா’ என்றுதான் கூப்பிட வேண்டும். செல்வக்கனியே வாசலில் தண்ணீர் ஊற்றிக் காலைத் தொட்டுக் கும்பிட்டு ‘வாங்கம்மா’ என்பாள். சாயம் கலைத்த பிறகு அவன் “என்னட்டி, பெத்த தாயக் கூப்பிட்ட மாதிரில்லா கூப்பிடுத” என்று கேலி செய்வான்.

“கண்ணு சரியாச்சா?” என்றாள் பர்வீன்.

“ஆச்சு. அதான் மூணாவது வருசமும் கெட்டுனாவ.”

உடன்குடியைத் தாண்டி ஒரு பாலம். சாயங்காலம் நாலரை மணி, நல்ல வெளிச்சம். கூட வந்த வேஷக்காரர் செட்டு முன்னால் போய்விட்டது. கிரீடம் சரிந்ததென்று அவன் பாலத்தோரம் நின்று இரு கையாலும் பிடித்துச் சரிசெய்தான். பிறகு சாலையைக் கடக்க அடியெடுத்து வைத்தான். உப்பு லாரி வேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

“ரெண்டு வருசமா எனக்கு ஒரே கேள்விதான். லாரி ஏன் நிக்கல? ஆடு குறுக்க வந்தா நிக்குது. நாய்க்கு நிக்குது. எல்லாருட்டயும் கேட்டுட்டேன். எவனோ ஒருத்தன் அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துருக்கான்லா? கண்ணில்லாத பய. தெனம் விடியக்காலம் வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துதேன், குறிச்ச அந்தக் கையி அழுகிப் போகட்டும்னு. ஆனா எந்தக் கைன்னு தெரியாம எம்புட்டு நாளைக்குத் தூத்த? உங்க லெட்டர் வந்துச்சு. எந்தக் கைன்னு காட்டும்னு எழுதியிருந்தீங்க.”

பர்வீனின் முகத்தில் அதுவரை இருந்த ஆர்வம் வடிந்துவிட்டது. “அக்கா, வேணாங்கா. நான் இதச் செஞ்சது நன்றி சொல்றதுக்கு. இதுக்கு இல்ல.”

“நன்றி சொல்லுததுக்கு ஆளத் தெரியும்னா, இதுக்கும் தெரியும்லா?”

“தெரியும். அதான் பயமா இருக்கு.” பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். “இந்த வழி எனக்கு மட்டும் தெரிஞ்சது இல்லக்கா. லாரிக் கம்பெனி வக்கீல் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போனார். தப்பு வண்டி மேல இல்ல, எங்கயோ ஒரு மாடியில உக்காந்து கிளிக் பண்ணினவங்க மேலன்னு காட்ட முடிஞ்சா அவங்களுக்கு எவ்வளவு வசதி? நான் தரமாட்டேன்னுட்டேன்.”

“நான் வக்கீல் இல்ல. செத்தவரு பொண்டாட்டி.”

 பர்வீன் கேமராவை விட்டு ஒதுங்கி நின்றாள்.

செல்வக்கனி படத்தை எடுத்தாள். அறிக்கையோடு வந்தது, மோதுவதற்குச் சற்று முன் லாரியின் கேமரா பிடித்த படம். பாலத்துக் கைப்பிடிச் சுவர், பின்னால் பனைகள், ஓரத்தில் இரு கையையும் தலைக்குத் தூக்கி அசையாமல் நிற்கும் காளி. அதைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். கட்டம் இரண்டு முறை விழுந்து விழுந்து அழிந்தது. மூன்றாம் முறை நிலைத்தது.

சிலை. நிச்சயம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

 பிறகு சத்தம் வந்தது. முன்பு கேட்டது போல எல்லாப் பக்கமிருந்தும் இல்லை. கிழக்கு மூலையிலிருந்து மட்டும், கொத்தாக, டிக்டிக்டிக் என்று வந்தது. அந்த மூலைக்கு அவள் ஓடினாள். நானூற்று மூன்று, கூட வந்திருந்த சண்முகத்தாய். நானூற்று ஒன்பது, ராஜகனி. நானூற்றுப் பன்னிரண்டு அழுக்கு மவுஸ் விடாமல் துடித்தது. அதன் பக்கத்திலேயே நானூற்று ஏழும்.

“எந்தப் படங்க தாங்கிப் பிடிச்சுதுன்னு திரையில வருது பாருங்க,” என்று சொல்லிவிட்டுப் பர்வீன் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம். செல்வக்கனி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

திரை முழுக்கக் காளிகள். சாலையில், பேருந்து நிறுத்தத்தில், வயல் வரப்பில். நட்ட நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, டீக்கடை பெஞ்சு ஓரம் நின்று கண்ணாடி டம்ளரில் டீ குடிக்கும் ஒரு காளி.

அவளுக்கு அந்த நாள் அப்படியே திரும்ப வந்தது. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஐப்பசி. அதுவரை வெளிநாட்டுத் தெருக்களையே குறித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று தங்கள் ஊர்ச் சாலைகள் வந்தன. முதல் காளி திரையில் வந்ததும் அறையே எழுந்து நின்றது. சண்முகத்தாய் செருப்பைக் கழற்றினாள். ராஜகனி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்களை ‘மனிதர்’ என்று யார் குறிப்பார்கள்? ‘விலங்கு’ ஆகாது, ‘வண்டி’ ஆகாது. ‘தெரியவில்லை’ என்றொரு பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. கும்பிடத் தகுந்ததாக அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். டீ குடிக்கும் காளியைப் பார்த்தபோது மட்டும் செல்வக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்புக்குறி ‘மனிதர்’ பக்கம் போனது. பக்கத்திலிருந்த முத்துப்பேச்சி தொடையில் கிள்ளினாள். “ஏட்டி, ஆத்தாளையா மனுசன்னு குறிக்க? கண்ண நோண்டிருவா.”

செல்வக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டு ‘சிலை’யை அமுக்கினாள்.

“மேனேஜர் யாரும் பாக்கலையா? தப்புன்னு சொல்லலையா?” பர்வீனின் குரல் தொலைவில் கேட்டது.

“ஒரு படத்த மூணு பேருக்கு அனுப்புவாவ. அதுல ஒருத்தர் மாத்திச் சொன்னாத்தான் பெங்களூருக்குப் போகும், அங்க ஒருத்தர் பாப்பாரு. மூணு பேரும் ஒண்ணு போலச் சொல்லிட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாவ.” அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “ஒருத்தி மாத்திச் சொல்லியிருந்தாப் போதும்.”

“அக்கா...”

“சிலைன்னா லாரி என்ன செய்யும்? அத மட்டும் சொல்லு பிள்ள.”

 விளக்குவதற்காகவே பிறந்த பர்வீன் இதைத் தரையைப் பார்த்துச் சொன்னாள். “ஓரத்துல மனுஷன் நின்னா... குறுக்க வரலாம்னு வேகத்தக் குறைக்கும். மாடு நின்னாலும் அப்படித்தான். சிலையா இருந்தா குறைக்காது. சிலை நடக்காதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு.”

செல்வக்கனி தலையசைத்தாள். ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை யாரோ நினைவுபடுத்தியது போல. தன் வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். மண் வாரித் தூற்றுவதும் அந்தக் கைதான்.

வாசலில் செருப்புச் சத்தமும் பேச்சும் கேட்டன. டீ டம்ளர்களோடு அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பர்வீன் பாய்ந்து போய்த் திரையை அணைத்தாள். செல்வக்கனி படத்தை மார்போடு கவிழ்த்து முந்தானையால் மூடினாள்.

“இத நான் அழிச்சிடறேன்,” என்று பர்வீன் கிசுகிசுத்தாள். “நாளைக்குத் திறக்கவே வேணாம். எல்லாத்தையும் கழட்டிடறேன்.”

“கழட்டாத. அவளுவ போற வழியெல்லாம் மவுசப் பத்தியேதான் சந்தோசமாப் பேசிட்டுப் போவாளுவ. இந்தப் படத்த மட்டும் அழிச்சிரு.”

“என்னட்டி இது, இங்கன மட்டும் மழ பெஞ்சுது?” முத்துப்பேச்சிதான் முதலில் வந்தாள். “வாசல்ல நின்னு கேட்டோம். எங்க மூலையில மட்டும் அடிச்சுதே! என் மவுசு ஆடுத ஆட்டத்தப் பாரு, இன்னும் நிக்கல. அப்படி என்னத்தக் காட்டுன?”

பத்துப் பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ராஜகனியின் உதட்டோரம் சுண்டல் தேங்காய் ஒட்டியிருந்தது.

“ஒண்ணுமில்ல,” என்றாள் செல்வக்கனி. “ஒரு சிலை.”

“சிலையா!” முத்துப்பேச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, சிலைன்னா நம்ம ஆபீசுதான். அந்தத் தசரா மாசம் எம்புட்டுக் குறிச்சோம், ஞாவகம் இருக்கா? ஒண்ணு கூடத் திரும்பி வரலியே! இத்தன வருசம் கழிச்சும் அந்த மெசினு மறக்காம வச்சிருக்கு பாரு. நாம குறிச்சா குறிச்சதுதான்.” சொல்லிக்கொண்டே செல்வக்கனியின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாட்டி, உன் டீய மூடி வச்சிருக்கேன், ஆறிரும்.”

முறுக்கு எண்ணெய் பிசுபிசுக்கும் கை. செல்வக்கனி அதை ஒரு கணம் குனிந்து பார்த்தாள். பிறகு விட்டுவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் இழுத்த பக்கம் நடந்தாள்.